குளம் வெட்டின மண்

பிரிசில்லா மண்ணில் மண்டபம் கட்டப்போகிறாள் என்கிற சேதி, அவளைப் பெற்ற பெஞ்சமினுக்கு மீன்காரி குப்பம்மா வாயால்தான் வந்து சேர்ந்தது.

பெஞ்சமின் பொத்தேரியில் ஒரு மாணவர் விடுதிக்கு வாட்ச்மேன். இராக்காவலை முடித்துவிட்டு ரயிலேறி, செங்கல்பட்டில் இறங்கி, வலதுகாலை இழுத்து இழுத்து நடந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் குப்பம்மா உட்கார்ந்திருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு கடலோரக் குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள். அன்னக்கூடையை இறக்கிவைத்துவிட்டு, பெஞ்சமின் பெண்சாதி சந்திரம்மாவுக்குச் சங்கரா மீனைச் செதில் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னா அண்ணாத்த, ஏரிக்கரத் தோட்டத்துல ஒம்பொண்ணு மண்ணால மண்டபம் கட்டுதாமே? பஸ்ல பேசிகினு வந்தாங்க. ஏன், சிமெண்டு கெடைக்கலியா?"

"எந்தப் பொண்ணு?"

"ஒனக்கு எத்தினி பொண்ணு கீது?"

பெஞ்சமின் சந்திரம்மாவைப் பார்த்தார். அவள் தலையைத் தூக்காமல் மீனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே தெரியும் என்பது அதிலேயே விளங்கிப்போனது. அன்றைக்கு அவர் நாஸ்தா சாப்பிடாமலே படுத்தார். தூக்கமும் வரவில்லை.

ரயில் பாதைக்கும் ஏரிக்கும் நடுவில் இருபது ஏக்கர் நிலம் பல வருஷமாகக் கருவேல முள்ளும் ஊர்க்குப்பையுமாகக் கிடந்தது. அதை ஒரு அறக்கட்டளை வாங்கி, ஊருக்குப் பொதுவாக ஒரு பெரிய தோட்டம் போடுவதென்று முடிவு செய்தது. கட்டடக்கலை படித்து, சென்னையில் ஓர் ஆபீசில் வேலை பார்த்து, பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்கியிருந்த பிரிசில்லாவிடம் அந்த வேலை வந்தது. தோட்டத்துக்கு வரைபடம், நடுவில் ஐந்நூறு பேர் உட்காரும்படி ஒரு மண்டபம், எல்லாம் அவள் பொறுப்பு. சேதி வந்த அன்று பெஞ்சமின் விடுதிப் பையன்கள் அத்தனை பேருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ஜிஎஸ்டி ரோட்டில் பளபளவென்று நிற்கிற கண்ணாடிக் கட்டடங்களில் ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு, "எம்பொண்ணு கட்டப்போவுது, நீங்கள்லாம் வந்து பாக்கணும்" என்று சொல்லிவைத்தார்.

சாயங்காலம் பிரிசில்லா ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். சுடிதாரின் முழங்கால்வரை செம்மண்.

"பாப்பா, நா கேள்விப்பட்றது நெசமா?"

"நெசந்தான் நைனா. நானே சொல்லணும்னு இருந்தேன்." அவள் கைகழுவப் போகாமல் அவர் எதிரிலேயே உட்கார்ந்தாள். "தோட்டத்துல மூணு குளம் வெட்றோம். வெட்ற மண்ண லாரில ஏத்தி எங்கியோ கொண்டும்போயி கொட்டறதுக்குப் பதிலா, அத்தயே சலிச்சு, கொஞ்சம் சுண்ணாம்பு சேத்து, ரெண்டு பக்கம் பலக கட்டி, நடுவுல அடுக்கடுக்கா போட்டு, திமுசுக்கட்டையால இடிச்சி இறுக்கிகினே போவோம். பலகய எடுத்தா சுவரு நிக்கும். சித்திர வெயில்ல உள்ள போனா ஏசி போட்டாப்ல இருக்கும் நைனா."

"நாம இருந்தோமே மண்ணு வூட்ல. ஏசிலதான் இருந்தோமா?"

அவள் சுடிதாரில் காய்ந்திருந்த செம்மண்ணை நகத்தால் சுரண்டினாள்.

"அந்த வூடு வேற, இது வேற. அந்த செவுரு ஏன் வுழுந்துதுன்னா..."

"போதும்" என்றார் பெஞ்சமின். "எனக்கு நீ சொல்ல வோணாம். வுழுந்தத நா பாத்தவன்."

அவர்கள் அப்போது மதுராந்தகம் பக்கம் ஒரு காலனியில் இருந்தார்கள். பெஞ்சமினுக்குச் சொந்தமாக ஒரு பிடி நிலம் கிடையாது. அடுத்தவர் வயலில் ஏர் ஓட்டி, அண்டை வெட்டி, நாற்று சுமந்து பிழைத்தார். கல்யாணமான புதிதில் தானே மண் மிதித்து, தானே சுவர் வைத்து, பனையோலை வேய்ந்து கட்டிய வீடு. பிரிசில்லா ஆறாம் வகுப்பு படித்த வருஷம் ஐப்பசியில் ஒரு பெருமழை வந்தது. பள்ளிக்கூடம் லீவு. காலையில் அவள் சுவரோரம் சாய்ந்து படித்துக்கொண்டிருந்தாள். பெஞ்சமின் பக்கத்தில் ஓலைக்குக் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். சுவர் அடியில் ஒரு சத்தம் கேட்டது, சோறு குழைகிற மாதிரி. அவர் மகளை நோக்கிப் பாய்ந்தார். அதற்குள் மொத்தமும் வந்துவிட்டது.

அவருடைய வலதுகால் முழங்காலுக்குக் கீழே நொறுங்கியது. அந்தக் காலோடு ஊர்ந்துபோய்க் குழந்தையை இழுத்தார். முகம் முழுக்க மண். வாய்க்குள் மண். இரண்டு விரலை விட்டுத் தோண்டித் தோண்டி எடுத்தார். கடைசியில் அவள் இருமினாள், கருப்பாக ஒரு கட்டி வெளியே வந்தது, அப்புறம்தான் அழுகை வந்தது. அந்த அழுகையைக் கேட்டபிறகுதான் தன் கால் வலிப்பதே அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவரால் சேற்றில் இறங்க முடியவில்லை. காவல் வேலைக்குப் போனார். சந்திரம்மா கூடுவாஞ்சேரிப் பக்கம் அடுக்குமாடி கட்டுகிற இடங்களில் சித்தாளாகக் கலவை சுமந்தாள். பாடுபட்டுச் சேர்த்து, செங்கல்பட்டில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு மனை வாங்கினார்கள். பள்ளமான தெரு. மழைக்கு மழை வீட்டுக்குள் தண்ணீர் வரும் என்பதால் வேறு யாரும் கேட்காத மனை. "தண்ணி வந்தா வரட்டும், செவுரு நிக்கும்" என்றார் பெஞ்சமின். கம்பியும் ஜல்லியும் சிமெண்டுமாக ஒரு சின்ன வீட்டுக்கு இருக்க வேண்டியதைவிட இரண்டு பங்கு கனமாகத் தூண் நிறுத்தினார். வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் அந்தத் தூணை விரல்முட்டியால் தட்டிக் காட்டுவது அவருக்கு ஒரு வழக்கம்.

அப்படிப்பட்டவர் மகளோடு பேச்சை நிறுத்திக்கொண்டார். சேர்ந்துதான் சாப்பிடுவார்கள். ஆனால் எல்லாம் சந்திரம்மா வழியாக.

"ஏமே, ஒம்பொண்ணுக்கு இன்னொரு துண்டு மீனு வோணுமா கேளு."

"தோ எதுருல குந்திகினு கீறா. நீயே கேளேன்யா."

"நா கேக்கல. நீ கேளு."

"வோணாம்னு சொல்லும்மா" என்பாள் பிரிசில்லா, சிரிப்பை அடக்கிக்கொண்டு. சில நாள் அந்தச் சிரிப்பு வராது.

சந்திரம்மா அதோடு நிற்கவில்லை. தோட்டத்தில் செடி நடுகிற பெண்களோடு தானும் வேலைக்குச் சேர்ந்துகொண்டாள். கரைச்சரிவில் வெட்டிவேர் நடுவது, புங்கனுக்கும் நாவலுக்கும் பூவரசுக்கும் குழியெடுப்பது, குளத்து விளிம்பில் கோரை வைப்பது. வீட்டுக்கு வந்ததும் சாம்பார் கொதிக்கிற இடத்தில் நின்றுகொண்டு, யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டிருப்பாள்.

"மொத குளம் ரொம்புனா ரெண்டாவதுக்குப் போவுமாம். அது ரொம்புனா, கரைல கலங்கல்னு ஒரு வழி வச்சிகீறாங்க, அதுல வழிஞ்சி மூணாவதுக்கு. அதுக்கு மேல போனா ஏரிக்கு. நம்ம தெருத்தண்ணி கூட ரோட்டுக்கு அடில கொழா வழியா அங்கதான் போவப்போவுது. பாப்பா வாய்க்கால் வச்சிகீறா. இந்த வருசம் நம்ம வூட்டுக்குள்ள தண்ணி வராதாம்."

"அவ சொல்லிட்டா மழ கேட்டுக்கும்" என்பார் பெஞ்சமின், சுவரைப் பார்த்துக்கொண்டு.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் தோட்டத்துக்குப் போனார். போகவேண்டும் என்று போகவில்லை. காலை நடக்க வைக்கவேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதனால் நடந்தேன் என்று பிறகு சந்திரம்மாவிடம் சொன்னார்.

கம்பிவேலிக்கு வெளியே நின்று பார்த்தார். முள்ளுக்காடாகக் கிடந்த இடமா இது என்று இருந்தது. குளங்கள் மூன்றும் படிப்படியாக இறங்கி, ஒன்றுக்கொன்று தாழ்வாகக் கிடந்தன. நடுவில் கொஞ்சம் மேடான இடத்தில் இடுப்புயரக் கருங்கல் அடித்தளம். அதன்மேல் சுவர். சிவப்பு, மஞ்சள், மறுபடி சிவப்பு என்று வரிவரியாக ஏறியிருந்தது. திமுசுக்கட்டைச் சத்தம் தொம் தொம்மென்று தரைவழியாக அவர் காலுக்கு வந்தது. சாரத்தின்மேல் மகள் நின்றுகொண்டிருந்தாள். கையில் ஆணி ஒன்றை வைத்துச் சுவரைக் குத்திப் பார்த்தாள். ஆணி இறங்கவில்லை. கீழே நின்றவனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள்.

பெஞ்சமினுக்குப் பக்கத்தில், வேலிக்கு உள்பக்கம், இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் காண்டிராக்டர் ஜானகிராமன். தோட்டத்துக்கு இரும்புக் கேட்டும் பாதையும் போடுகிற வேலை அவருடையது. மண்டப வேலையும் தனக்கே வரும், கான்கிரீட்டில் போட்டுவிடலாம் என்று நம்பியிருந்தவர்.

"காலனிலேந்து வந்த பொண்ணு. அதுங்களுக்கு மண்ணு குடிசய வுட்டா வேற இன்னா தெரியும்?" என்றார் ஜானகிராமன். "ஒரு மழ அடிக்கட்டும். கரஞ்சு பூடும்."

மழையில் கரைந்துபோகும் என்று வீட்டில் தானும் சொன்னதுதான். ஆனால் அந்த வாயிலிருந்து வந்தபோது பெஞ்சமினுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பேசிவிடலாம் என்று வாயைத் திறந்தார். என்னவென்று பேசுவது? அது கரையாது என்று சொல்ல அவருக்கே நம்பிக்கை இல்லையே. திரும்பி நடந்தார்.

அன்றிலிருந்து அவருக்குப் பேஜாராகிவிட்டது. அந்தச் சுவர் விழவும் கூடாது. நின்றுவிட்டால், இத்தனை நாளும் தான் பேசாமல் இருந்ததற்கு என்ன நியாயம் என்றும் புரியவில்லை.

ஜானகிராமன் சும்மா இருக்கவில்லை. அறக்கட்டளைத் தலைவர் கண்ணாயிரத்திடம் போய்ப் பயமுறுத்தினார். கண்ணாயிரம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம். குழந்தைகள் விளையாடுகிற இடத்தில் சுவர் சரிந்தால் யார் பதில் சொல்வது என்று கவலைப்பட்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். இந்த வடகிழக்குப் பருவமழையைத் தாங்கட்டும். தாங்கினால் தை மாசம் திறப்பு விழா. ஒரு மூலை கரைந்தாலும் சுவரை எடுத்துவிட்டு, ஜானகிராமன் கான்கிரீட்டில் கட்டுவார்.

சந்திரம்மாதான் இதை வந்து சொன்னாள். "நம்ம பாப்பாவ நம்பி இனிமே யாரும் வேல குடுக்கமாட்டாங்கய்யா."

"அவளே ஒத்துகினாளா?"

"மொதல்ல ஒத்துகினதே அவதான்."

கார்த்திகை பாதியில், மண்டபத்துக்கு ஓட்டுக்கூரை போட்டு முடித்த சமயம், வங்கக்கடலில் புயல் கிளம்பியது. மாமல்லபுரத்துக்குக் கிட்டே கரையேறும் என்று டிவியில் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். குப்பத்தில் யாரும் கடலுக்குப் போகவில்லை. குப்பம்மா கருவாட்டுக் கூடையோடு வந்தவள், திருக்கழுக்குன்றம் ரோட்டில் பஸ் நின்றுபோனதால் திரும்பமுடியாமல் பெஞ்சமின் வீட்டிலேயே தங்கிவிட்டாள். பிரிசில்லா முந்தின நாளே தோட்டத்துக்குப் போய் அங்கேயே இருந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததிலிருந்து வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றியது. தென்னை ஒன்று எங்கோ முறிகிற சத்தம் கேட்டது. பெஞ்சமின் வருஷாவருஷம் செய்கிற மாதிரி பீரோவைச் செங்கல்மேல் தூக்கிவைத்தார், அரிசி மூட்டையைப் பரண்மேல் ஏற்றினார், கட்டில்மேல் கட்டிலைப் போட்டார். சந்திரம்மா எதையும் தொடவில்லை.

"வராதுய்யா."

"வருது பாரு."

வாசல்படி ஒன்று முழுகியது. இரண்டாவதும் முழுகியது. பெஞ்சமினுக்கு ஜெயித்த சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. சந்திரம்மா முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"இப்டி வரக்கூடாது. எங்கியோ அடச்சிகினு கீது. நா போயி பாக்கறேன்."

"ஏமே! புயல்ல எங்க போற?"

"எம்பொண்ணு அங்க ஒண்டியா கீறா."

அவள் தண்ணீரில் இறங்கிவிட்டாள். குப்பம்மாவும் அவள் பின்னாலேயே இறங்கினாள். பெஞ்சமின் திட்டிக்கொண்டே, சுவரையும் வேலியையும் பிடித்துப் பிடித்துப் பின்னால் போனார். ரோட்டைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்ததும் விஷயம் கண்ணுக்குத் தெரிந்தது. தெருத்தண்ணீர் ரோட்டுக்கு அடியில் குழாய் வழியாக வந்து விழுந்து, மண்டபத்துக்குப் பின்னால் ஓடுகிற வாய்க்காலில் சேர்ந்து முதல் குளத்துக்குப் போகவேண்டும். அந்த வாய்க்காலின் வாயில் பாதைக்குப் போடுகிற சிமெண்டுக் கற்கள் ஆளுயரத்துக்கு அடுக்கிக் கிடந்தன. காய்ந்து கிடந்த பள்ளம்தானே என்று ஜானகிராமனின் ஆட்கள் அதில் இறக்கி வைத்திருந்தார்கள். இடுக்கெல்லாம் குப்பையும் முறிந்த கிளையும் வந்து அடைத்துக்கொண்டது. போக வழியில்லாத தண்ணீர் ஒரு பக்கம் தெருவுக்கு எதிர்த்து ஏறியது. இன்னொரு பக்கம் மண்டபத்தை நோக்கிப் பரவி, கருங்கல் அடித்தளத்தில் முக்கால்வாசி முழுகியிருந்தது. கல்லுக்கு மேலே ஏறினால் மண்.

பிரிசில்லாவும் வேலைக்காரர்கள் இரண்டு பேரும் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கல்லைப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தார்கள். அவள் முதுகுக்குப் பின்னால், கைக்கு எட்டுகிற தூரத்தில், அந்தப் பெரிய மண்சுவர்.

பெஞ்சமின் காதுக்குள் அந்தப் பழைய சத்தம்.

"பாப்பா! செவுத்துகிட்ட நிக்காத! இப்டி வந்துடு!"

அவள் திரும்பிப் பார்த்தாள். மாதக்கணக்கில் அவர் அவளிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு அது.

"ஏன் நைனா வந்த? காலு வழுக்கப்போவுது!"

"வுட்டுட்டு வாம்மா! வுழுந்துடும்!"

"வுழாது! கல்ல எடுக்காம நா வரமாட்டேன்!"

காற்று அவள் பேச்சைப் பிய்த்துக்கொண்டு போனது. பெஞ்சமின் அவளை இழுத்துவரத்தான் தண்ணீரில் இறங்கினார். அவள் கையைப் பிடித்தார். அந்தக் கையில் தோல் கிழிந்து ரத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் கையை உதறிக்கொள்ளவில்லை, ஆனால் நகரவுமில்லை. அந்தக் கண்ணில் பயம் இருந்தது. அது சுவரைப் பார்த்து வந்த பயம் இல்லை என்று அவருக்குப் புரிந்தது. இவ்வளவு கற்களை மூன்று பேரால் எடுக்கமுடியாதே என்கிற பயம்.

அவர் கையை விட்டுவிட்டு ரோட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார். வாட்ச்மேன் குரல் அது. பொத்தேரியில் மூன்றாவது மாடிப் பையனை எழுப்புகிற குரல்.

"யோவ்! வூட்டுக்குள்ள குந்திகினு தண்ணி வாரி ஊத்தறவங்கள்லாம் வாங்கய்யா! தண்ணி போற வழி இங்க அடச்சி கீது! வாங்கய்யா! எல்லாரும் வாங்க!"

முதலில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். பிறகு அவர் மச்சான். பிறகு தெருவே வந்தது. லுங்கியை மடித்துக் கட்டியவர்கள், நைட்டிமேல் துண்டு போட்டவர்கள், தலையில் பிளாஸ்டிக் குடத்தைக் கவிழ்த்துக்கொண்டு ஓடிவந்த ஒரு கிழவர். சந்திரம்மா, கலவைச் சட்டி கைமாற்றிப் பழகியவள், எல்லாரையும் வரிசையாக நிறுத்தினாள். ஆழமான இடத்தில் போய் நின்றுகொண்டாள் குப்பம்மா.

"நீ தள்ளு அண்ணாத்த. அலையில நின்னு பொறந்தவ நானு. இது ஒரு தண்ணியா?"

கல் கைமாறியது. கை வழுக்கி ஒருவர் காலில் விழுந்தது, அவர் கத்தினார், கத்திக்கொண்டே அடுத்த கல்லை வாங்கினார். பெஞ்சமின் ஒரு பூவரசங் கன்றின் முட்டுக்கட்டையில் இடுப்பைக் கொடுத்து நின்று, பிரிசில்லா எடுத்துத் தருவதை வாங்கி வாங்கிக் கொடுத்தார். தண்ணீர் கருங்கல்லின் மேல்விளிம்பைத் தொட்டுவிட்டது. சுவரின் முதல் வரி நிறம் மாறத் தொடங்கியது.

"இன்னும் கொஞ்சம்!" என்று கத்தினாள் பிரிசில்லா. "அடிக்கல்லு! அது வந்துட்டா போதும்!"

குப்பம்மா மூச்சைப் பிடித்து முழுகினாள். எழுந்தபோது அவள் கையில் கல் இல்லை. அவள் காலுக்கு அடியிலேயே மொத்த அடுக்கும் சரிந்து உருண்டது. இரண்டு பேர் அவளை எட்டிப் பிடித்தார்கள். தேங்கியிருந்த தண்ணீர் முழுவதும் ஒரே பாய்ச்சலாக வாய்க்காலில் இறங்கியது.

அது போன வேகத்தைப் பார்த்து எல்லாரும் கரைக்கு ஒதுங்கினார்கள். செம்மண் நிறத்தில் திரண்டு, கரையில் வெட்டிவேரைப் படுக்கவைத்து, ஆனால் ஒரு தூரைக்கூடப் பெயர்க்காமல், வளைந்து ஓடி முதல் குளத்தில் விழுந்தது. குளம் நிறைய நிறைய அவர்கள் கரையோடு நடந்தார்கள். முதல் குளம் நிரம்பி இரண்டாவதில் வழிந்தது. இரண்டாவது நிரம்பி, கலங்கலில் வெள்ளையாக நுரைத்து மூன்றாவதில் இறங்கியது. "போவுது! போவுது!" என்று யாரோ கத்தினார்கள். தெருவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, "எங்க வூட்டுப் படி தெரியுதுடி" என்று சந்திரம்மாவைக் கட்டிக்கொண்டாள். புயல் இன்னும் அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை.

கருங்கல் அடித்தளம் மறுபடி முழுதாக வெளியே தெரிந்தது. அதன்மேல் சுவர் அப்படியே நின்றது. முதல் வரியில் மட்டும் ஈரம்.

எல்லாரும் மண்டபத்துக்குள் போய் ஒதுங்கினார்கள். வேலைக்காரர்கள் வைத்திருந்த ஸ்டவ்வில் யாரோ டீ போட்டார்கள். பெஞ்சமின் மட்டும் வாசலிலேயே நின்றார். ஓட்டுக்கூரை நன்றாக நீண்டு இறங்கியிருந்ததால் அங்கே சாரல்கூட இல்லை. ஆனால் உள்ளே காலெடுத்து வைக்க அவரால் முடியவில்லை. பிரிசில்லா இரண்டு டம்ளர் டீயோடு வந்து, உள்ளே வா என்று கூப்பிடாமல், பக்கத்தில் நின்றாள்.

அவர் கையை நீட்டிச் சுவரின் உள்பக்கத்தைத் தொட்டார். காய்ந்திருந்தது. உள்ளங்கையை அழுத்திப் பார்த்தார். கல் மாதிரி இருந்தது, ஆனால் கல்லின் குளிர்ச்சி இல்லை. ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"அன்னிக்கி அது ஏன் வுழுந்துது பாப்பா?"

பிரிசில்லா டம்ளரைக் கீழே வைத்தாள்.

"நீ நல்லாதான் கட்டுன நைனா. எடந்தான் பள்ளம். ஊர்த்தண்ணி மொத்தமும் நம்ம தெருவுலதான் வந்து நிக்கும், ஞாபகம் கீதா? மேட்டுல நமக்கு யாரு எடம் குடுத்தா? அடிக்கு கல்லு போட நம்மகிட்ட வழியில்ல. கூரய நீட்டி எறக்க ஓல பத்தல. அடி ஊறிப்போச்சு. யாரு கட்டியிருந்தாலும் வுழுந்துதான் இருக்கும்."

"நா மண்ண செரியா மிதிக்கலன்னு நெனச்சிகினு இருந்தேன்" என்றார் பெஞ்சமின். "கல்யாணம் ஆன புதுசு. அவசர அவசரமா கட்டுனேன். இன்னும் ஒரு நாளு மிதிச்சிருந்தா நின்னிருக்கும்னு..."

"இத்தினி வருசமாவா?"

"யாருகிட்ட கேக்கறது?"

அவள் மழைப் பக்கம் முகத்தைத் திருப்பி, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "எனக்கும் அந்த மண்ணு ருசி மறக்கல நைனா. காலேஜுக்குப் போனதே அந்த செவுரு ஏன் வுழுந்துதுன்னு கேக்கத்தான். அதான் இங்க மொதல்ல தண்ணிக்கு எடம் வச்சேன். செவுத்துக்கு அப்பறந்தான் வச்சேன்."

பெஞ்சமின் டீயைக் குடித்தார். பிறகு வலதுகாலைத் தூக்கி வாசலைத் தாண்டி வைத்து உள்ளே போனார். போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டார். சந்திரம்மா தூரத்திலிருந்து பார்த்தாள். குப்பம்மாவின் விலாவில் இடித்துக் காட்டினாள்.

தை பிறந்ததும் திறப்பு விழா வைத்தார்கள். சுவரை மூலை மூலையாகத் தட்டிப் பார்த்துவிட்டு, கண்ணாயிரம் தானே முன்னின்று பத்திரிகை அடித்தார். பாதைகளிலிருந்து சிமெண்டுக் கல்லையெல்லாம் எடுத்துவிட்டுத் தண்ணீர் உறிஞ்சுகிற மாதிரி சரளை போடச் சொல்லி ஜானகிராமனுக்கு உத்தரவு போனது. அவர் போட்டுக் கொடுத்தார். விழாவுக்கும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

குளம் மூன்றும் நிறைந்து கிடந்தன. எங்கிருந்தோ நாமக்கோழி வந்து கோரைக்குள் குடித்தனம் பண்ணிக்கொண்டிருந்தது. பொத்தேரி விடுதிப் பையன்கள் ஒரு வேன் பிடித்து வந்திருந்தார்கள். குப்பத்திலிருந்து குப்பம்மா தன் சனத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கூட்டம் மண்டபம் கொள்ளாமல் வெளியே மேட்டுப் புல்லிலும் உட்கார்ந்தது.

கண்ணாயிரம் நன்றாகவே பேசினார். மண்வீட்டில் வாழ்ந்த நம் முன்னோர் எவ்வளவு அறிவாளிகள், இயற்கையோடு இயைந்து எவ்வளவு சுகமாக இருந்தார்கள், நாம்தான் அதையெல்லாம் மறந்துவிட்டோம் என்றார். கூட்டம் தலையாட்டியது. பிறகு பொறியாளரம்மாவின் தகப்பனாரைக் கௌரவிக்கிறோம் என்று பெஞ்சமினை மேடைக்குக் கூப்பிட்டுச் சால்வை போர்த்தினார். "ரெண்டு வார்த்தை பேசுங்க" என்று மைக்கைக் கையில் கொடுத்தார்.

பெஞ்சமின் மேடை ஏறினவரில்லை. மைக்கைத் தூரமாகப் பிடித்தார், பிறகு கிட்டே கொண்டுவந்தார்.

"ஐயா நல்லா பேசனாரு. ஆனா ஒண்ணு சொல்லணும். நானும் மண்ணு வூட்லதான் இருந்தேன். எங்கப்பாவும் அவங்கப்பாவும் அதுலதான் இருந்தாங்க. சொகமா ஒண்ணும் இல்லீங்க. பள்ளத்துல கெடந்தோம். மழ வந்தா தூங்கமாட்டோம். எங்க வூடு இடிஞ்சு எம்பொண்ணு மேலயே வுழுந்துது. வாயில மண்ணு. நாந்தான் தோண்டி எடுத்தேன்."

முன்வரிசையில் சந்திரம்மா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"இது எங்க முன்னோர் கட்டுன வூடு மாதிரி இல்லீங்க. அது வுழுந்துது. இது புயல்ல நின்னுது. எங்க தெருவுல நின்ன தண்ணிய இந்தக் கொளமெல்லாம் வாங்கிகிச்சு. ஏன்னா எம்பொண்ணு படிச்சிட்டு கட்டுச்சு. எது ஏன் வுழுதுன்னு தெரிஞ்சிகினு கட்டுச்சு." அவர் தோளிலிருந்த சால்வையை எடுத்தார். "காலனிப் பொண்ணுக்கு வேற இன்னா தெரியும்னு இங்க ஒருத்தரு கேட்டாரு. நா அன்னிக்கி பதில் சொல்லல. எனக்குத் தெரியல. இப்ப தெரியும். தோ பாருங்க, சுத்தி பாருங்க. இதெல்லாம் தெரியும்."

ஜானகிராமன் தலையைக் குனிந்துகொண்டார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லாரும் கூரையையும் சுவரையும், வாசலுக்கு வெளியே மின்னுகிற தண்ணீரையும் பார்த்தார்கள். முதலில் கை தட்டியவர் கண்ணாயிரம். பிறகு விசிலடித்தது குப்பம்மா. அதற்குப் பிறகு யார் தட்டினார்கள், யார் தட்டவில்லை என்று பிரித்துச் சொல்லமுடியாது.

"சால்வ எனக்கு வோணாங்க" என்றார் பெஞ்சமின், அந்தச் சத்தத்துக்கு மேலே. "பாப்பா, எங்க கீற? வா இங்க."

பிரிசில்லா கூட்டத்தின் கடைசியில், சரளைப் பாதை ஓரம் நின்றுகொண்டிருந்தாள். சனங்கள் எழுந்து அவளுக்கு வழிவிட்டார்கள். பெஞ்சமின் சால்வையை இரண்டு கையிலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, அவள் வந்து சேரும்வரை மேடையை விட்டு இறங்காமல் நின்றார்.